வேலிக்காத்தானுக்கு வந்த விருந்தாளிகள்

சிங்கப்பூரிலிருந்து என்னை மரக்காணத்துக்கு அனுப்பி வைத்தது என் மொழித்திறமைதான் என்று என் கணவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். போக வேண்டிய மொழிபெயர்ப்பாளருக்கு அம்மை போட்டுவிட்டது. அடுத்துக் கேட்கப்பட்டவருக்கு வெயில் ஆகாது. மூன்றாவதாக என் பெயர் அடிபட்டபோது, கோயம்புத்தூரில் பிறந்தவள், வெயில் தாங்குவாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் வெயிலைப் பற்றிக் குறை சொல்வார்களே தவிர அதில் போய் நிற்கமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

வேலை எளிதானது. சுற்றுச்சூழல் கெட்டுப்போவதால் பெண்களும் குழந்தைகளும் ஏழைபாழைகளும் எப்படிக் கஷ்டப்படுகிறார்கள் என்று பார்த்து, முடிந்தால் ஏதாவது நல்லது செய்துவிட்டு வருவதற்காக ஓர் அறக்கட்டளை கிளம்பியிருந்தது. அதற்குப் பணம் கொடுக்கும் மார்ட்டின் என்ற நெதர்லாந்துக்காரர் நேரிலேயே வந்திருந்தார். உப்பளத்துப் பெண்கள் பேசுவதை அவர் காதில் ஆங்கிலமாக ஓதுவதும், அவர் பேசுவதைத் தமிழாகத் திருப்பித் தருவதும் என் பொறுப்பு. திட்டத்தின் தலைவர் அர்விந்த் சென்னையில் வளர்ந்த இளைஞர். அவருக்குத் தமிழ் தெரியும். ஆனால் அதை ஆட்டோக்காரர்களிடமும் வீட்டு வேலைக்கு வருபவர்களிடமும் மட்டுமே பேசிப் பழகியதால், எதிர்காலம், நிலைத்தன்மை போன்ற பெரிய விஷயங்களுக்கு அந்தத் தமிழ் எட்டவில்லையாம்.

சென்னையிலிருந்து எங்களை ஏற்றிக்கொண்டது ஒரு மின்சாரக் கார். சூழலைக் காப்பாற்றப் போகிறவர்கள் புகை கக்கிக்கொண்டு போகக் கூடாது என்பது அர்விந்தின் கொள்கை. கொள்கை நல்லதுதான். ஏசியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்ததில், மரக்காணத்தைத் தாண்டியதும் கார் உயிரை விட்டது. ஓட்டுநர் ஷாகுல் கோட்டக்குப்பத்துக்காரர், ஷார்ஜாவில் பல வருஷம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“மகாபலிபுரத்துலயே சொன்னேன் சார், கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கலாம்னு. நீங்க போன் பேசிக்கினு இருந்தீங்க.”

அர்விந்த் இப்போதும் போனில்தான் இருந்தார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது மாதிரி ஓர் உப்பு லாரி வந்து நின்றது. அதன் ஓட்டுநர் இறங்கிக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “ஏம்பா, புது வண்டியாட்டம் இருக்குது. இதுக்குள்ளயே போயிடுச்சா?” என்று ஷாகுலிடம் துக்கம் விசாரித்தார். கயிறு கட்டினார்கள். அந்த லாரி கக்கிய கறுப்புப் புகை முழுவதையும் வாங்கிக்கொண்டு சூழல் காவலர்களாகிய நாங்கள் பின்னாலேயே இழுபட்டுப் போனோம். வழியெல்லாம் உப்புக் குவியல்கள் வெள்ளை வெளேரென்று நின்றன. மார்ட்டின் கண்ணாடியை இறக்கி, அழகு, அழகு என்று சொல்லிவிட்டு வெகு நேரம் இருமினார்.

தங்குவதற்கு ஆரோவில் பக்கத்தில் ஒரு விடுதி. மண் சுவர், மூங்கில் கட்டில், கொசுவைக் கொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் அறிவிப்பு. இரவு உணவுக்கு ஒரு ரொட்டி வந்தது. அதைக் கையால் பிய்க்க முடியாமல் மார்ட்டினே முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டார். நான் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, ஷாகுலைக் கூட்டிக்கொண்டு பொம்மையார்பாளையத்தில் ஒரு சாலையோரக் கடைக்குப் போய்ப் பரோட்டாவும் இறால் தொக்கும் சாப்பிட்டேன். கோயம்புத்தூரில் பரோட்டாவுக்கு ஊற்றும் குருமாவில் தேங்காய்தான் பேசும். இங்கே மிளகாய் பேசுகிறது. கண்ணில் தண்ணீர் வந்தாலும் இரண்டாவது முறையும் தொக்கு கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை உப்பளம். வெயில் மேலிருந்து மட்டும் அடிக்கும் என்று நினைத்துக்கொண்டு குடை கொண்டு போயிருந்தேன். அங்கே வெயில் கீழிருந்தும் அடிக்கிறது. பாத்திகளில் தேங்கிய தண்ணீரும் உப்பும் வாங்கிய வெளிச்சத்தை அப்படியே முகத்தில் திருப்பி வீசுகின்றன. பெண்கள் வரிசையாக வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். தலையில் உப்புக் கூடை, புடவைக்கு மேல் ஆண் பிள்ளைச் சட்டை, காலில் கிழிந்த சாக்ஸ். சாக்ஸ் கிழிந்த இடங்களில் புண். கூடையிலிருந்து ஒழுகும் தண்ணீர் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் துடைத்துக்கொள்ளவில்லை.

அர்விந்த் எங்களுக்கு ஆளுக்கொரு பெரிய தண்ணீர் பாட்டில் கொடுத்து, தாகம் எடுக்கும் முன்பே குடித்துவிட வேண்டும் என்றார். போதாததற்கு ஷாகுல் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். நான் சொன்ன பேச்சு கேட்பவள். இரண்டையும் ஒரு பொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

பிறகு அர்விந்த் எதிரியைக் காட்டினார். உப்பளத்தின் மேற்கு ஓரத்தில் பச்சையாக ஒரு வேலிக்காத்தான் புதர். எங்கள் ஊரில் சீமைக் கருவேலம் என்போம். கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற செடி அது ஒன்றுதான். “வெளிநாட்டிலிருந்து வந்தது. இங்கே வேர் பிடித்து, நிலத்தடி நீரை உறிஞ்சி, உள்ளூர் இனங்களை ஒழித்துக்கட்டுகிறது” என்று ஆங்கிலத்தில் கொதித்தார். நெதர்லாந்திலிருந்து வந்தவரும் சிங்கப்பூரிலிருந்து வந்தவளும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டோம். போன வருஷம் முதல் கட்டமாகக் கிழக்கு ஓரத்துப் புதரை வேரோடு எடுத்தாயிற்றாம். இந்த முறை மேற்கு. கடைசி நாளன்று ஜேசிபி வரும், மார்ட்டின் கொடியசைப்பார், பிடுங்கிய இடத்தில் நாட்டு மரங்கள் நடப்படும். கிழக்கு ஓரத்தில் நட்ட மரங்கள் எங்கே என்று மார்ட்டின் கேட்டார். வரிசையாகக் குச்சிகள் தெரிந்தன.

இந்த இடத்தில்தான் பாட்டிலும் இளநீரும் தங்கள் வேலையைக் காட்டின. சிங்கப்பூரில் கழிப்பறையை விட்டு வெளியே வந்தால் சுவரில் ஒரு திரை இருக்கும். சுத்தம் எப்படி என்று கேட்டு, சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரைக்கும் காட்டும். நானும் தினமும் ஏதோ ஒரு முகத்தைத் தொட்டுவிட்டுப் போகிறவள். இங்கே எந்த முகத்தைக் கேட்பது என்று சுற்றிப் பார்த்தேன். உப்பள முதலாளியின் ஆபீஸ் அறையில் கழிப்பறை ஒன்று இருந்தது. அதன் சாவி மேஸ்திரியின் இடுப்பில் இருந்தது. மேஸ்திரி வானூருக்குப் போயிருந்தார். அர்விந்தும் மார்ட்டினும் ஏற்கெனவே ஆளுக்கொரு திசையில் திரும்பி நின்று இயற்கையை ரசித்துவிட்டு வந்திருந்தார்கள்.

என் முகத்தைப் பார்த்தே ஒரு பெண்ணுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முப்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்த உடம்பு, வெற்றிலை போட்ட வாய். பெயர் அஞ்சலை, பக்கத்துக் காலனியிலிருந்து வருகிறவள். கூடையை இறக்கிவிட்டு, “வாங்க அக்கா, போயிட்டு வந்துடலாம்” என்றாள், கோயிலுக்குக் கூப்பிடுவது போல.

புதருக்குப் போகும் வரப்பில் அவள் தன் கூடையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். எதற்கு என்று கேட்டேன்.

“உள்ள பொம்பள இருக்குதுன்னு அர்த்தம். கூடை கவுந்திருந்தா எந்த ஆம்பளையும் இந்தப் பக்கம் வர மாட்டான். மேஸ்திரியா இருந்தாலும் சரி, மொதலாளியா இருந்தாலும் சரி, முதுகைக் காட்டிக்கினு நின்னுடுவான்.”

“யார் வெச்ச சட்டம்?”

“யாரு வெச்சாங்களோ. நான் வேலைக்கு வர்றப்பவே இருந்திச்சி.”

புதருக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்தது, அது புதர் இல்லை, ஒரு வீடு. முள்ளைக் கழித்து ஒற்றையடிப் பாதை. அது உள்ளே இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் நான் எதற்காக வந்தேனோ அதற்கு. மறுபக்கம் கொஞ்சம் தடித்த கிளையில் பழைய புடவையில் ஒரு தூளி. அதில் கஸ்தூரி என்பவளுடைய கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அந்த உப்பு வெளியில் அந்தக் குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய நிழல் அது ஒன்றுதான். நான் வெளியே வந்தபோது துப்பட்டாவை ஒரு முள் பிடித்துக்கொண்டிருந்தது. மனதில் சிரிக்கும் முகத்தை ஓங்கித் தொட்டேன்.

திரும்பி வரும்போது அஞ்சலை தன் கதையைச் சொன்னாள். போன வருஷம் அவள் கிழக்குப் பாத்தியில் வேலை செய்திருக்கிறாள். அந்தப் புதரை வெட்டிய பிறகு அங்கே ஒதுங்க இடமில்லை. காலையில் ஒரு டம்ளர் டீ, அதற்குப் பிறகு வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

“எல்லாப் பொம்பளைங்களும் அப்டிதான்க்கா. தண்ணி குடிச்சாதானே வரும்? ரெண்டு தடவ பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில படுத்துட்டேன். நீர்க்கடுப்பு, அப்புறம் கல்லு. இன்னொரு வாட்டி வந்தா கிட்னியே போயிடும்னு சொல்லிட்டாங்க. அதான் மேஸ்திரி கையக் கால புடிச்சி இந்தப் பக்கம் மாறி வந்தேன். இங்கனா முள்ளு இருக்குதே.” கூடையை நிமிர்த்திக்கொண்டாள். “இதையும் வெட்டப் போறீங்களாமே? வெட்டிட்டா நான் வேலைய விட்டுட வேண்டியதுதான். விட்டுட்டு எங்க போவேன்னு தெரியல.”

அப்போதுதான் அர்விந்த் சொல்லியிருந்த போன வருஷத்துப் பெருமை ஒன்று ஞாபகம் வந்தது. வெப்பத்தால் பெண்களுக்கு நீர் வற்றுகிறது என்று கண்டுபிடித்து, அறக்கட்டளை எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்திருந்தது. புதரை எடுத்ததும் பாட்டில் கொடுத்ததும் ஒரே வாரத்தில். அந்த பாட்டில் என்ன ஆயிற்று என்று அஞ்சலையிடம் கேட்டேன்.

“நல்ல பாட்டிலுக்கா. மூடி டைட்டா இருக்குது. கொழம்பு ஊத்திக்கினு வர்றோம்.”

அன்று இரவுச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னேன். கோட்டக்குப்பத்திலிருந்து ஷாகுல் வீட்டுப் பிரியாணி வந்திருந்தது. என் தலைவலிக்கு மருந்து என்று அவரே கொண்டுவந்தார். பிரியாணிக்கு நடுவே மூத்திரத்தைப் பற்றிப் பேசுவது நாகரிகம் இல்லைதான். ஆனால் அர்விந்த் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “கழிப்பறை வேறு பிரிவு. எங்களுடையது பல்லுயிர்ப் பிரிவு” என்றார். உப்பளத்துப் பெண்கள் எந்தப் பிரிவு என்று கேட்டேன். அவர்கள் பயனாளிகள் என்றார். மார்ட்டின் எலும்பைக் கீழே வைத்துவிட்டு, இது மிக மிக முக்கியமான கருத்து, இரண்டாம் கட்டத்தில் நிச்சயம் பரிசீலிக்க வேண்டும் என்றார். இரண்டாம் கட்டம் எப்போது என்று கேட்டதற்கு இருவரும் ஒரே சமயத்தில் பிரியாணியைப் புகழ்ந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் பிரியாணியை மிச்சம் வைக்கவில்லை.

அதற்கடுத்த நாள் சமுதாயக் கூடத்தில் கலந்தாய்வு. மேடையில் அர்விந்த், மார்ட்டின், நான், வெள்ளைச் சட்டை போட்ட உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர். எதிரே ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். பெண்களின் கருத்தை வெளிப்படையாகச் சொல்ல அழைக்கிறோம் என்றார் மார்ட்டின். நான் மொழிபெயர்த்தேன். பெண்கள் வெளிப்படையாகப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் அஞ்சலை எழுந்தாள். “அந்த முள்ளு எங்களுக்கு வேணும் சார்.”

“ஏன்மா?” என்றார் பிரமுகர்.

அஞ்சலை ஆண்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். “நெழலுக்கு.”

பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. இன்னொரு அம்மாள் எழுந்து, அதில் பாம்பு இருக்கிறது, வெட்டினால் விறகாவது கிடைக்கும், வெட்டட்டும் என்றாள். அஞ்சலை திரும்பினாள். “நீ அவசரம்னா ஊட்டுக்குப் போயிடுவ. நாங்க நாள் பூரா எங்க குந்துறது? வரப்புலயா?”

கூடத்தில் இருந்த அத்தனை ஆண்களும் மின்விசிறியைப் பார்த்தார்கள். அர்விந்த் மார்ட்டின் பக்கம் சாய்ந்து, “மரத்தோடு இவர்களுக்கு ஓர் உணர்வுப் பிணைப்பு இருக்கிறது” என்று விளக்கினார். மொழிபெயர்ப்பதற்குத்தான் என்னை விமானம் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆகவே மார்ட்டினின் மற்றக் காதில் நான் சொன்னேன்: “அந்தப் புதர்தான் இவர்களுடைய கழிப்பறை. வெட்டிவிட்டால் எங்கே போவது என்று கேட்கிறார்கள்.” மார்ட்டினின் முகம் இறால் நிறத்துக்குப் போனது. நல்ல மனிதர், பாவம். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

அர்விந்த் தன் சொந்தத் தமிழில் பதில் சொல்ல முன்வந்தார். நாட்டு மரங்கள் நன்றாக அடர்த்தியாக வளரும், நாலைந்து வருஷத்தில் இயற்கையான மறைப்பு கிடைத்துவிடும் என்றார்.

“அதுவரைக்கும் அடக்கிக்கினு இருக்கணுமா சார்?” என்றாள் அஞ்சலை.

பிரமுகர் மைக்கை வாங்கி, தேநீர் ஆறிவிடும் என்றார். கூட்டம் கலைவதற்கு முன் ஓர் அறிவிப்பை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். நாளைக் காலை விழா, பெண்கள் எல்லோரும் நல்ல புடவை கட்டிக்கொண்டு படம் எடுப்பதற்கு வர வேண்டும். ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். பெண்களும் ஒரு சொல்லும் பேசாமல் தலையாட்டிவிட்டுப் போனார்கள். இவ்வளவுதானா என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

விழா நாளன்று கார் மரியாதையாக முழு சார்ஜுடன் வந்து சேர்ந்தது. பந்தல் போட்டிருந்தார்கள். ஜேசிபிக்கு மாலை போட்டுக் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழமும் நசுக்கியாகிவிட்டது. அண்டாவில் சர்க்கரைப் பொங்கல். மார்ட்டின் கையில் பச்சைக் கொடி. பெண்களை மட்டும் காணவில்லை. எதிரே வரப்பில் ஒரு கூடை குப்புறக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்திலும் ஒன்று. சாலையிலிருந்து புதர் வரைக்கும் வரப்பு நெடுக உப்புக் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன.

மார்ட்டின் அழகாகக் கொடியை அசைத்தார். ஜேசிபி நகரவில்லை. அதன் டிரைவர் இறங்கி, புதருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

“என்னப்பா ஆச்சு?” என்றார் அர்விந்த்.

“உள்ள லேடீஸ் இருக்காங்க சார்.”

“சரி. எவ்வளவு நேரமாகும்?”

டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “அத நான் எப்டி சார் கேக்கறது? நீங்க வேணா கேளுங்க.”

அர்விந்தும் புதருக்கு முதுகைக் காட்டி நின்றார். பிரமுகர் தன் நாற்காலியைச் சாலைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். மேஸ்திரி ஏற்கெனவே திரும்பித்தான் நின்றிருந்தார். எல்லோரும் திரும்பி நிற்பதைப் பார்த்த மார்ட்டின், இது விழாவில் ஒரு சடங்கு என்று நினைத்து, கொடியோடு தானும் பயபக்தியாகத் திரும்பி நின்றார். அவ்வப்போது ஒருத்தி வெளியே வருவாள், தன் கூடையை நிமிர்த்துவாள், ஜேசிபியின் டிரைவர் நம்பிக்கையோடு ஒரு கால் எடுத்து வைப்பார். உடனே இன்னொருத்தி வந்து தன் கூடையைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போவாள்.

வெயில் ஏறியது. பொறுமை இழந்த அர்விந்த், பெண் என்ற முறையில் என்னைத் தூது அனுப்பினார். போனேன். உள்ளே இருபது பேருக்கு மேல், முள் குத்தாமல் இடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சொன்ன சொல் தவறாமல் எல்லோரும் நல்ல புடவை. கஸ்தூரியின் குழந்தை தூளியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. நடுவே அறக்கட்டளை கொடுத்த பாட்டில்கள், குழம்பு வாடை போகக் கழுவி, நிறையத் தண்ணீரோடு. கை மாறிக் கை மாறிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“குந்துங்க அக்கா” என்று அஞ்சலை நகர்ந்து இடம் கொடுத்தாள். “இன்னிக்கிதான் பயமில்லாம குடிக்கிறோம்.”

பாம்புக்குப் பயந்து வெட்டச் சொன்ன அந்த அம்மாளும் ஓர் ஓரத்தில் இருந்தாள். நீங்களுமா என்றேன். “எல்லாம் போவுதே, நான் மட்டும் அங்க இன்னா பண்றது” என்றாள். எனக்கும் பாட்டில் நீட்டினார்கள். குடித்தேன். அந்த நாலு நாளில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். ஆனாலும் இவர்கள் இப்படி ஒளிந்து உட்கார்ந்துதான் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

வெளியே வந்து அர்விந்திடம் தாமதமாகும் என்றேன்.

“எவ்வளவு தாமதம்?”

“எல்லோருக்கும் வயிறு சரியில்லை போலிருக்கிறது.”

பிரமுகருக்கு இன்னொரு விழா இருந்தது, கிளம்பிவிட்டார். சாலையோரத்தில் மூன்று கன்றுகளை நட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஜேசிபி டிரைவர் சர்க்கரைப் பொங்கலை இரண்டு தொன்னை வாங்கித் தின்றுவிட்டு, மத்தியானத்துக்கு வேறு இடத்தில் பள்ளம் தோண்டும் வேலை இருக்கிறது என்று வண்டியைத் திருப்பினார். அந்தச் சத்தம் தேய்ந்த பிறகு பெண்கள் புதரிலிருந்து வரிசையாக வந்தார்கள், பட்டும் சரிகையும் முள்ளும் ஒட்டிய தலையுமாக. மார்ட்டின் விடாமல் படம் எடுத்தார். “மரத்தைக் காப்பாற்ற உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள்” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. கழிப்பறை என்று மறுபடி சொன்னேன். ஆமாம், அதுவும்தான் என்றார். அர்விந்த் மார்ட்டினின் கண்ணீரைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், புதரைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு யோசனை உதிப்பதை நானே பார்த்தேன். அப்போது அது மனமாற்றம் என்று நினைத்துவிட்டேன்.

சிங்கப்பூர் திரும்பிச் சில வாரம் கழித்து, ஓர் அறிவிப்புப் பலகைக்கான வாசகத்தைத் தமிழாக்கித் தரச் சொல்லி அர்விந்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. புதரை வெட்டப் போவதில்லை என்ற மகிழ்ச்சியில் கை பரபரக்க எழுதி அனுப்பினேன்: ‘இயற்கையின் காவலர்களாகிய மரக்காணத்துப் பெண்கள் உயிராய்க் காத்து வரும் பசுங்காடு. தயவுசெய்து உள்ளே நுழையாதீர்கள்.’ யார் நுழையக் கூடாது என்று பதிலோடு கேட்டிருந்தேன். வெளியாட்கள் என்றார்.

பிறகு ஷாகுல் ஒரு படம் அனுப்பினார். வேலிக்காத்தானைச் சுற்றிலும் வேலி. ஆளுயரக் கம்பி, இரும்புக் கதவு, கதவில் பூட்டு, அதன் மேல் என் தமிழ். அர்விந்தைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் நிதானமாக, “அந்தப் பெண்கள் காப்பாற்றியதை நாங்கள் காப்பாற்றுகிறோம்” என்றார். நேற்றுவரைக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சிய எதிரி இப்போது கடற்கரைக்குப் பசுமைப் போர்வை ஆகிவிட்டதாம். மார்ட்டின் அந்தப் படத்தைத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாராம். கழிப்பறை என்றேன். இரண்டாம் கட்டம் என்றார். பூட்டின் சாவி யாரிடம் என்றேன். மேஸ்திரியிடம் பத்திரமாக இருக்கிறது என்றார்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அஞ்சலைக்கு மறுபடி ஆஸ்பத்திரிதான், அதற்கான வாசகத்தை நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஷாகுலிடம் கெஞ்சினேன். அவர் உப்பளத்துக்கே போய்த் தன் போனை அவளிடம் கொடுத்தார்.

“நல்லா இருக்கீங்களா அக்கா?” என்றாள் அஞ்சலை. காற்று இரைச்சலுக்கு நடுவே குரல் தெளிவாக இருந்தது.

“வேலி போட்டுட்டாங்களாமே?”

“ஆமாக்கா. நல்ல கனமான கம்பி.”

“இப்ப எங்க போறீங்க? தண்ணி குடிக்கிறியா இல்லையா?”

“குடிக்கிறேன்க்கா. அங்கதான் போறோம். ஒரு பக்கமா கம்பிய நெளிச்சி வழி பண்ணிட்டோம். ஆனா ரோட்டுலேர்ந்து அந்த வழி தெரிஞ்சிச்சி. பஸ்ஸுல போறவனெல்லாம் பாக்கறான். அப்புறம் அந்த போர்டு இருக்குதே, பெருசா, தகரத்துல? அதக் கழட்டியாந்து குறுக்க வெச்சிட்டோம். கதவாட்டம் நிக்குது. ஒண்ணும் தெரியல இப்ப.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். “அந்தச் சார் கிட்ட உங்க சார்பா ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டேன்.

பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏதோ கேட்டாள்.

“கஸ்தூரி தூளி கட்டியிருக்குது இல்ல, அந்தப் பக்கமும் ஒரு வழி தொறந்து கெடக்குதுக்கா. இதே சைஸுல இன்னொரு போர்டு வெக்கச் சொல்லுங்க.”